பருத்தி நூலில் பல் ஓர ஸ்கார்ஃப்: அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, ஸ்கார்ஃப் பின்னக் கற்றுக்கொடு என்று கேட்டிருக்கிறாய். ஊசியை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் பிறகு. முதலில் நூல். சிவகாசி, விருதுநகர், சாத்தூர் பக்கம் இருக்கிற பெண் பின்ன உட்கார்ந்தால் நூலைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

கடையில் போய் "நிட்டிங் நூல் கொடுங்க" என்றால் பெரும்பாலும் அக்ரிலிக் உருண்டையைத்தான் எடுத்துப் போடுவார்கள். நிறம் கண்ணைப் பறிக்கும், விலையும் குறைவு. ஆனாலும் அதை வாங்காதே. முழுப் பருத்தி நூல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. நம் வெயிலுக்கு அக்ரிலிக்கைக் கழுத்தில் சுற்றினால் பத்து நிமிடத்தில் அரிக்கும். பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு காற்றில் காய்ந்துவிடும். இதைவிடப் பெரிய காரணம் வேறொன்று. நைலான், பாலியஸ்டர், அக்ரிலிக் போன்றவை உரசும்போது அவற்றில் நிலைமின்சாரம் சேரும். நம் ஊர்க் கோடைக் காற்றில் ஈரம் இருக்காது, அதனால் இன்னும் எளிதாகச் சேரும். வெடி மருந்துக்கு அந்தச் சின்னப் பொறியே போதும். பட்டாசு ஆலைக்குப் பருத்தி உடை உடுத்தி வரச் சொல்வதும், மருந்து அறை வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொல்வதும் இதற்குத்தான். ஸ்கார்ஃபை ஆலைக்குப் போட்டுப் போகப் போவதில்லை என்று நீ சொல்வாய். நீ போடாவிட்டாலும் மார்கழிக் குளிரில் காலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிற யாராவது அவசரத்தில் அதை எடுத்துச் சுற்றிக்கொள்ளலாம். நம் வீட்டுக் கொடியில் அப்படி ஒரு துணி தொங்கவே வேண்டாம்.

லேபிளில் 'காட்டன்' என்று போட்டிருந்தாலும் கலப்பு நூலாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் எரித்துப் பார். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துக் கொளுத்து. பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறினதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம் வரும். பட்டாசுப் பெட்டியோ திரியோ மருந்து பட்ட வேலைத் துணியோ இருக்கிற வீட்டில் இந்தச் சோதனை கூடவே கூடாது. அப்படியானால் கடையிலேயே விசாரித்து, நம்பிக்கையான இடத்தில் வாங்கிக்கொள்.

பருத்திக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. கரிசல் காட்டில் விளைகிற கருங்கண்ணிப் பருத்தி இந்த மண்ணுக்கே உரியது. அதன் இழை குட்டை, தடித்த நூலுக்குத்தான் ஏற்றது. கைப்பின்னலுக்கு வேண்டியதும் தடித்த நூல்தான். ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து அந்த ஊர் நூற்பாலை ஊராகவே வளர்ந்தது. பக்கத்திலேயே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் கூம்பில் சுற்றிய நூலைப் பார்க்கலாம். அதன்மேல் 10, 20, 40, 60 என்று எண் போட்டிருக்கும். எண் ஏற ஏற நூல் மெலியும். 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நூலின் எண். நாற்பதாம் நம்பர் நூலை ஒற்றையாக எடுத்து ஊசியில் ஏற்றினால் கண்ணியே கண்ணுக்குத் தெரியாது. பத்தாம் நம்பர் நூல் எட்டு இழை சேர்ந்தால் 50 கிராமுக்கு ஏறக்குறைய 105 மீட்டர் நீளம் வரும். முதல் ஸ்கார்ஃபுக்கு அந்தத் தடிமன்தான் சரி. உருண்டையாக வாங்கினாலும் லேபிளில் 50 கிராமுக்கு 100 முதல் 115 மீட்டர் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள். 50 கிராம் உருண்டை ஐந்து போதும். ஐந்தையும் ஒரே தடவையில் வாங்கு, லேபிளில் சாய எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்துப் போனால் அதே சிவப்பு என்று தருவார்கள், பின்னிப் பார்த்தால் பாதியில் நிறம் மாறித் தெரியும்.

முதல் முறைக்கு வெளிர் நிறமாக எடு. மஞ்சள், இளநீலம், சந்தன நிறம் எதுவானாலும் சரி. கறுப்பும் கருநீலமும் வேண்டாம், இரவு விளக்கில் கண்ணி தெரியாமல் கண்தான் வலிக்கும்.

அடுத்து ஊசி. கடையில் எட்டாம் நம்பர் என்று கேள். பழைய நம்பர் கணக்கில் அது 4 மில்லிமீட்டர். இந்தக் கணக்கும் தலைகீழ்தான், நம்பர் குறையக் குறைய ஊசி தடிக்கும். கடைகளில் பார்க்கிற போனி ஊசி நீலகிரியில் தயாராவது. அதைத் தயாரிக்கிற, கேத்தி அருகே எல்லநள்ளியில் இருக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 1949-இல் பதிவானது. அலுமினிய ஊசி நல்லதுதான், ஆனால் பருத்தி அதில் வழுக்கும். கை பழகும் வரை மூங்கில் ஊசி கிடைத்தால் அதை எடுத்துக்கொள், கண்ணி பிடித்து நிற்கும். கூடவே ஏழாம் நம்பர் ஊசி ஒன்று, மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள தையல் ஊசி ஒன்று, கொக்கி ஊசி ஒன்று, நாலைந்து ஊக்கு, துருப்பிடிக்காத குண்டூசி, இஞ்ச் டேப். இவ்வளவுதான் செலவு.

பின்னல் பையை ஆலைக்குக் கொண்டுபோகாதே. சாப்பாட்டு நேரத்தில் நாலு வரி போடலாமே என்று ஆசையாக இருக்கும். ஆனால் மருந்து புழங்குகிற இடத்துக்குள் பொறி கிளப்பக்கூடிய உலோகச் சாமான் எதுவும் வரக்கூடாது, பின்னல் ஊசியும் அதில் அடக்கம். வேலை முடிந்து வந்ததும் குளித்து, உடை மாற்றி, நகக்கண்வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு நூலைத் தொடு. அலுமினியப் பொடி விரல் ரேகையில் ஒட்டிக்கொண்டு எப்படி வெள்ளி வெள்ளியாக மின்னும் என்று உனக்கே தெரியும். அது நூலில் ஏறினால் போகாது. அதைவிட, மருந்துப் பொடி படிந்த ஒரு துணி குழந்தையின் கழுத்துக்குப் போகக்கூடாது.

இனி பின்னல். உனக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நீ சரவெடி பின்னியவள். இடது கையில் சரத்தை இழுத்துப் பிடித்து, வலது கையால் ஒவ்வொரு வெடியையும் ஒரே இறுக்கத்தில் கோத்துப் பின்னிய கை உனக்கு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தயாரிக்கவும் விற்கவும் வெடிக்கவும் தடை போட்டது. அந்தப் பின்னலை நம்பி இருந்த பெண்களுக்கு அது எத்தனை பெரிய அடி என்று வெளியூரில் யாரும் பேசவில்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. காற்று மாசு பற்றியும் காதைப் பாதிக்கும் சத்தம் பற்றியும் நீதிமன்றம் சொன்னதை நான் மறுக்கவில்லை, ஆனால் கையில் தொழில் வைத்திருந்தவளுக்கு மாற்று வழியும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அது போகட்டும். ஊசிப் பின்னல் கற்க வருகிறவர்கள் முதல் மாதம் முழுக்க மல்லுக்கட்டுவது ஒரே இறுக்கத்துக்காகத்தான். உன் கைக்கு அது பழகிப்போன விஷயம். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள். சரத்தை இறுக்கிக் கட்டினாய், இங்கே தளர விட வேண்டும். பருத்தியில் ரப்பர் போல இழுவை கிடையாது. இறுக்கினால் ஊசி உள்ளே நுழையாது, மணிக்கட்டும் வலிக்கும்.

43 கண்ணி போடு. எட்டாம் நம்பர் ஊசியில் அது 21, 22 சென்டிமீட்டர் அகலம் வரும். நூல் நுனியில் இரண்டரை முழம் விட்டுவிட்டு ஒரு சுருக்குக் கண்ணி போட்டு, அங்கிருந்து ஏற்றிக்கொண்டு போ. இரண்டு ஊசியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் கண்ணி ஏற்றிவிட்டு, எல்லாம் ஏறியதும் ஒரு ஊசியை உருவிவிடு. அடி ஓரம் சுருங்காமல் இளக்கமாக நிற்கும்.

பின்னல் வகை 'கார்ட்டர்' போதும். அதாவது எல்லா வரியும் நிட். வலது ஊசியை இடது ஊசியின் முதல் கண்ணிக்குள் முன்பக்கமிருந்து விட்டு, நூலை ஊசி முனையில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியே முன்னே இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடு. இந்த நாலு அசைவும் கைக்கு வந்தால் பாதி ஸ்கார்ஃப் வந்த மாதிரி. ஒரு வரி நிட், ஒரு வரி அதன் எதிர்ப்பின்னலான பர்ல் என்று மாற்றிப் போட்டால் வழவழப்பாக வருமே என்று யாராவது சொல்வார்கள். வரும். ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும். திருப்பூர் பனியன் துணியை வெட்டி, வெட்டிய விளிம்பை இழுத்துப் பார், சுருட்டிக்கொண்டு நிற்கும். அதுவும் அதே பின்னல்தான். கார்ட்டர் பின்னல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தட்டையாகக் கிடக்கும், ஸ்கார்ஃபை எப்படிச் சுற்றினாலும் மறுபக்கம் என்று ஒன்று தெரியாது.

ஒவ்வொரு வரியின் முதல் கண்ணியையும் பின்னாதே. நூலை முன்னால் வைத்துக்கொண்டு அந்தக் கண்ணியை அப்படியே வலது ஊசிக்கு மாற்று. பிறகு நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே பின்னால் கொண்டுபோய் மீதியை நிட் போடு. பக்க ஓரம் சங்கிலி கோத்தது போல ஒழுங்காக வரும். கடைசியில் அலங்கார ஓரம் தைக்கும்போது இந்தச் சங்கிலியின் அருமை உனக்குப் புரியும்.

புதிதாகப் பின்னுகிறவர்களுக்குக் கண்ணி தானாகக் கூடிவிடும். 43 இருந்தது 46 ஆகும், ஸ்கார்ஃப் விசிறி போல விரியும். வரி ஆரம்பத்தில் நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போய்விட்டால் முதல் கண்ணி இரண்டு காலாகப் பிரிந்து தெரியும். அதை இரண்டு கண்ணி என்று நினைத்துப் பின்னிவிடுகிறார்கள். வரி தொடங்கும் முன் நூல் ஊசிக்குக் கீழே தொங்குகிறதா என்று பார். பத்து வரிக்கு ஒரு தடவை எண்ணு. கண்ணி குறைந்திருந்தால் எங்கேயோ ஒன்று நழுவியிருக்கிறது. பதறி ஊசியை உருவாதே. நழுவிய கண்ணிக்குள் ஒரு ஊக்கைக் குத்தி வைத்துவிட்டு, கொக்கி ஊசியால் படி படியாக மேலே ஏற்றிக்கொண்டு வா.

வரிகளை எண்ணுவதைவிட மேடுகளை எண்ணுவது சுலபம். இரண்டு வரி சேர்ந்தால் ஒரு மேடு. 280 மேடு வந்தால் 140 சென்டிமீட்டர் ஆகியிருக்கும், அங்கே நிறுத்திக்கொள். இன்னும் நீளமாக இருந்தால் அழகுதான். ஆனால் நாம் ஸ்கூட்டரில் போகிறவர்கள். தொங்குகிற துணி சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து. இந்த நீளமும் ஒரு சுற்றுச் சுற்றி முன்னால் முடிந்து, நுனியைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளத்தான். மாவாட்டும்போதும் அடுப்படியிலும் கழற்றி வைத்துவிடு. தீபாவளிக்கு வெடி வைக்கப் போகிறாய் என்றால், பருத்தியே ஆனாலும் கழுத்தில் தொங்கும் துணி எதுவும் வேண்டாம்.

உருண்டை தீர்ந்துபோனால் வரியின் தொடக்கத்தில் புது நூலைச் சேர். நடுவில் முடிச்சுப் போட்டு இழுக்காதே, அந்த முடிச்சு என்றைக்கும் உறுத்தும். இரண்டு நுனியிலும் ஒரு சாண் விட்டுவிட்டு, பின்னல் முடிந்ததும் மழுங்கிய ஊசியில் கோத்து மேடுகளுக்குள் வளைத்து வளைத்து ஓட்டிவிடு. பருத்தி வழுக்கும் நூல், ஒரே திசையில் ஓட்டினால் உருவிக்கொண்டு வந்துவிடும். போய்த் திரும்பி வர வேண்டும்.

முடிக்கும்போது ஏழாம் நம்பர் ஊசியை வலது கையில் எடுத்துக்கொள். இரண்டு கண்ணி பின்னு, முதல் கண்ணியை இரண்டாவதின் தலைக்கு மேலாகத் தூக்கிப் போடு, அடுத்ததைப் பின்னு, மறுபடி தூக்கிப் போடு. தடித்த ஊசி என்பதால் மேல் ஓரமும் அடி ஓரம் போலவே இளகி நிற்கும்.

இனி நீ ஆசைப்பட்ட அலங்கார ஓரம். தெற்கே பெண்கள் நூல் வேலையில் பெயர் எடுத்த ஊர்கள் உண்டு. நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 1820-களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா 1844-இல் மிஷனரி கால்டுவெல்லைத் திருமணம் செய்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கலையும் கூட வந்தது. தலையணையில் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை அது, கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும். நான் சொல்லப்போகும் பல் ஓரத்துக்கு ஒரே ஒரு உத்திதான். நூலை ஊசிகளுக்கு நடுவே முன்னால் கொண்டுவந்து, வலது ஊசிக்கு மேலாகப் போட்டுவிட்டு அடுத்த கண்ணியைப் பின்னினால் ஒரு கண்ணி கூடும், அந்த இடத்தில் ஒரு துளையும் விழும். இதற்குச் 'சுற்று' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

எட்டாம் நம்பர் ஊசியில் 5 கண்ணி போடு.

வரி 1: முதல் கண்ணியை மாற்று, 1 நிட், சுற்று, மீதி நிட். (6 கண்ணி)
வரி 2: எல்லாம் நிட்.
வரி 3: வரி 1 போலவே. (7 கண்ணி)
வரி 4: எல்லாம் நிட்.
வரி 5: வரி 1 போலவே. (8 கண்ணி)
வரி 6: எல்லாம் நிட்.
வரி 7: வரி 1 போலவே. (9 கண்ணி)
வரி 8: ஆரம்பத்திலேயே 4 கண்ணியை முடித்துவிடு, மீதி நிட். (மறுபடி 5 கண்ணி)

ஒரு பல் வந்துவிட்டது. இப்படி 11 பல் போட்டால் 88 வரி, ஸ்கார்ஃபின் அகலத்துக்குச் சரியாக இருக்கும். பின்னுவது குறுகலான நாடா என்பதால் கையில் தூக்கிக்கொண்டு ஆலையைத் தவிர எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வருவதற்குள் இரண்டு பல்லாவது முடியும். வரி 2, 4, 6-இல் சுற்றுப் போட்ட இடம் வரும்போது கவனமாக இரு, அந்தத் தளர்ந்த இழையும் ஒரு கண்ணிதான். வரி 8-க்கு முன் ஊசியில் 9 இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் முடிக்கத் தொடங்க வேண்டும். அந்த ஒரு எண்ணிக்கை சரியாக இருந்தால் ஓரம் முழுக்கத் தவறே வராது.

இதைத் தைப்பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இருக்கிறது. நாடாவின் நேர் ஓரத்தில், கண்ணியை மாற்றி மாற்றி வந்த பக்கத்தில், இரண்டு வரிக்கு ஒரு சங்கிலி வளையம். 88 வரிக்கு 44 வளையம். ஸ்கார்ஃபின் நுனியில் 43 கண்ணி. வளையத்துக்கு ஒரு கண்ணி என்று ஜோடி சேர்த்துத் தைத்துக்கொண்டே போ, அளவெடுக்கத் தேவையில்லை. மிஞ்சுகிற ஒரு வளையத்தை மூலையில் சேர்த்துப் பிடித்துவிடு. இரண்டு நுனிக்கும் இரண்டு நாடா.

கொக்கி ஊசி உனக்கு ஏற்கெனவே வரும் என்றால் இதைவிடச் சீக்கிரம் முடிகிற சிப்பி ஓரமும் இருக்கிறது. முதல் கண்ணியில் ஒரு சிங்கிள். இரண்டு கண்ணி விட்டு மூன்றாவதில் ஐந்து ட்ரெபிள். இரண்டு விட்டு மூன்றாவதில் மறுபடி சிங்கிள். இப்படியே தொடர்ந்தால் 43 கண்ணிக்கு ஏழு சிப்பி கச்சிதமாக முடியும். 43 போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அழகில் எனக்குப் பல் ஓரம்தான் ஒரு படி மேல். ஆனால் சின்னக் குழந்தைக்குப் பின்னினால் சிப்பி ஓரமே போடு. பல் ஓரத்தின் துளையில் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும்.

துவைத்துக் காயவைத்த பிறகுதான் ஓரம் எடுப்பாகத் தெரியும். தோய்க்கும் முன் வெள்ளைத் துணியை நனைத்து ஸ்கார்ஃபில் அழுத்தித் தேய்த்துப் பார், சாயம் ஒட்டினால் முதல் சில தடவை தனியாகத் துவை. முறுக்கிப் பிழியாதே, துண்டில் சுருட்டி அழுத்து. கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பருத்தியின் கனத்துக்கு ஸ்கார்ஃப் நீண்டு அகலம் சுருங்கிவிடும். பாயில் வேட்டி விரித்து அதன்மேல் தட்டையாகப் பரப்பி, ஒவ்வொரு பல்லின் முனையையும் விரலால் இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசி குத்தி வை. நிழலில்தான் காய வேண்டும். நம் ஊர் வெயிலில் போட்டால் ஒரே நாளில் நிறம் வெளுக்கும். நிழலிலேயே சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

இதைத் தொடங்க நல்ல நேரம் தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடக்கிற வாரங்கள். மழை பிடித்து வேலை நின்றுபோன நாட்களும் இருக்கின்றன. ஐந்து உருண்டையில் கொஞ்சம் மிஞ்சும். அதில் 30 கண்ணி போட்டு இதே பின்னலில் ஒரு சதுரம் பின்னி அம்மாவிடம் கொடு. சூடான பாத்திரம் பிடிக்க இரட்டையாக மடித்து வைத்துக்கொள்வார்கள். பருத்தி என்பதால் உருகிக் கையில் ஒட்டாது.